மசெங்கோ வீட்டுக் கறுப்புப் பட்டை

முகோமா பேட்டைக்கு வந்து மசெங்கோ வீடு எது என்று கேட்டால் யாரும் இடம் வலம் சொன்னதில்லை. "கறுப்புப் பட்டை போட்ட வீடு, தானா கண்ணுல படும், போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். செங்கல் சுவரும் தகரக் கூரையும் கொல்வேசி ஊரில் எல்லாருக்கும் இருப்பதுதான். மசெங்கோ வீட்டுச் சுவரின் அடியில் மட்டும், முழங்கால் உயரத்துக்கு நாலு பக்கமும் ஒரு கறுப்புப் பட்டை ஓடும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளையின் தோள் மாதிரி மினுங்கும். பெருமழை அடித்தாலும் கரையாது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாருமே வருடம் ஒருமுறை, மழைக்கு முன்னால், சுவருக்கு அடிப்பட்டை பூசுகிறவர்கள்தான். ஒருத்தி செம்மண் பூசுவாள், ஒருத்தி கரியும் சாம்பலும் குழைப்பாள். முதல் மழையிலேயே பாதி வழிந்துவிடும். மசெங்கோ தன் கறுப்பு மண்ணை மரவள்ளிக் கஞ்சியில் குழைத்து, கையாலேயே இழைத்துப் பூசி, காய்ந்ததும் வழுவழுப்பான ஆற்றுக்கல்லால் மூன்று நாள் தேய்ப்பாள். அந்த நாட்களில் அவள் விரல் நகம் பத்தும் கறுத்துக் கிடக்கும், உள்ளங்கை வெடித்திருக்கும். பார்க்கிறவர்களிடம் கையை மறைக்க மாட்டாள்.

"மண்ணு எங்கக்கா எடுக்குற?" என்று பக்கத்து வீட்டுக் கபிங்கா வருடா வருடம் கேட்பாள்.

"முசோனோய் ஆத்தங்கரையில."

"நானும் போய்ப் பாத்தேனே, அங்க வெறும் வண்டல்தான் இருக்கு."

"பாக்கத் தெரிஞ்சவளுக்குத் தெரியும்டி. உன் கண்ணு புருஷன் மேலயே இருந்தா மண்ணு எங்க தெரியும்?"

கபிங்கா வாய்விட்டுச் சிரிப்பாள். மசெங்கோ சொன்னது வடிகட்டின பொய். மண் அவள் கொல்லையிலேயே, பின்அறைச் சுவரிலிருந்து பத்தடி தள்ளி இருந்தது. புல்கூட முளைக்காத ஒரு வழுக்கை நிலம். சர்க்கரைவள்ளிக் கொடி அந்த இடம் வரை படர்ந்து வரும், விளிம்புக்கு வந்ததும் கருகிவிடும். அங்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் தோண்டி, மண் எடுத்த பிறகு மேலே ஓட்டைத் தகரத்தைப் போட்டு, அடுப்புச் சாம்பலைக் கொட்டி மூடி வைப்பாள். புருஷனுக்கும் அது தெரியாது. தெருவில் தனக்கென்று இருந்த ஒரே பெருமையைக் கூறுபோட்டு விற்க அவளுக்கு மனசில்லை. அதைத் தப்பு என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அவள் பிறந்தது புகாமா பக்கம், லுவலாபா ஆற்றின் கரையில். அப்பனுக்குச் சுரங்க ரயிலில் கரி அள்ளும் வேலை கிடைத்து கொல்வேசிக்கு வந்தார்கள். கம்பெனி வீடு, கம்பெனி மாவு, கம்பெனி ஆஸ்பத்திரி. அப்பன் தண்டவாளத்தில் காலை இழந்ததும் ஒரே வாரத்தில் கம்பெனி வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சட்டி பானையோடு அம்மா தெருவில் உட்கார்ந்திருந்ததை மசெங்கோ மறக்கவே இல்லை. பிறகு கட்டிக்கொண்டது லுவாம்பாவை. அவனும் கம்பெனி ஆள், அதுவும் பூமிக்கடியில் செம்பு வெட்டுகிறவன். மறுபடி கம்பெனி வீடு. அங்கே ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும்.

அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள். தனக்கென்று நாலு சுவர் வேண்டும், எவனும் வெளியே போ என்று சொல்ல முடியாத சுவர். அதைத் தவிர வாழ்க்கையில் வேறு எதையும் அவள் கேட்டதில்லை. விடியற்காலையில் சுரங்க வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்றாள், மத்தியானம் சந்தையில் கருவாடு விற்றாள். முகோமாவில் ஒரு மனை வாங்கினாள். மனை நடுவில் வீட்டு உயரத்துக்கு ஒரு கறையான் புற்று நின்றது. எங்கள் ஊரில் புற்று இருக்கும் மனை என்றால் வீடு பாதி கட்டின மாதிரி. புற்று மண்ணை வெட்டி, மிதித்து, அச்சில் வார்த்து, அதே இடத்தில் சூளை போட்டுச் சுட்டாள். லுவாம்பா லீவு நாளில் வந்து கொஞ்சம் கல் தூக்கினான், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நிழலில் போய்ப் படுத்தான். அது அவனுடைய பங்கு. மகள் உம்பா நடக்கப் பழகியது அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான். வளர்ந்து, லிகாசியில் ஒரு தையல்காரனைக் கட்டிக்கொண்டு போனாள்.

லுவாம்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்டவன் இல்லை. அடிக்க மாட்டான், கண்ட இடத்தில் படுக்க மாட்டான். பேசுவான், அதுதான் வியாதி. கம்பெனி படுத்து, ஆட்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிய வருடம் அவனும் வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து லுத்துக்கு என்ற நாட்டுச் சாராயம் விற்கும் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து பூமியின் கதையைச் சொல்ல ஆரம்பித்தான். சாராயம் ஏற ஏற பூமிக்கும் வயசு ஏறும்.

"இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சுடா. உப்புக் கடல். அது வத்துனப்ப உப்புத் தண்ணி கீழ இறங்கி, பாறைக்குள்ள இருந்த செம்பைக் கரைச்சுத் தூக்கிக்கிட்டு வந்து, பாசி அழுகுன கறுப்புச் சேத்துல விட்டுட்டுப் போச்சு. அந்தச் சேறுதான் இறுகி நம்ம பாறை. எஞ்சினியரு என்கிட்டயே சொன்னாரு."

"அப்புறம்?" என்று எவனாவது எடுத்துக் கொடுப்பான்.

"அப்புறம் மழை. கோடிக்கணக்கான வருஷத்து மழை. மழைத் தண்ணி மேல இருக்குற சத்தையெல்லாம் கரைச்சுக் கீழ இழுத்துடும். மேல நிக்கிறது வெறும் சக்கை. நாங்க வெட்டுனோமே, மேல ஒரு பெர்சென்ட், கீழ போனா மூணு, இன்னும் கீழ போனா அஞ்சு. அம்மா கீழதான் இருப்பா. எப்பவும் கீழதான்."

சுரங்கக்காரர்கள் மூலத் தாதுவை அம்மா என்றுதான் சொல்வார்கள். கிளை கிளையாகச் சிதறிக் கிடப்பதெல்லாம் பிள்ளைகள், அம்மா ஆழத்தில். செம்பைப் பொறுத்தவரை லுவாம்பா சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

முகோமாவில் ஒருவன் கக்கூஸ் குழி தோண்டும்போது கறுப்புக் கல் கிடைத்தது. தாது வாங்கும் டிப்போவில் காட்டினால் கோபால்ட்டாம். செல்போனுக்குள்ளும் பேட்டரிக்குள்ளும் போகிற சரக்காம். அவ்வளவுதான், பேட்டைக்குப் பேய் பிடித்தது. கொல்லையில் தோண்டினார்கள், வாசலில் தோண்டினார்கள். போலீசு கண்ணில் படாமலிருக்க வீட்டுக்குள்ளேயே, கட்டிலை நகர்த்திவிட்டுத் தோண்டினார்கள். தெருவில் நடந்தால் காலுக்கடியில் கடப்பாரைச் சத்தம் கேட்கும்.

லுவாம்பா கடப்பாரையோடு வந்து நின்ற அன்று மசெங்கோ களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"உம்பா அம்மா, பின் அறையில மட்டும். ஒரு ஆள் இறங்குற அளவு."

"தலைக்கு ஏதாவது ஆயிடுச்சா உங்களுக்கு? போயி உங்க அம்மா வீட்டுல தோண்டுங்க."

"எனக்குத் தெரியாத மண்ணா? முப்பது வருஷம் கீழ இருந்தவன்டி நான். இவனுங்கல்லாம் மேல பிராண்டிக்கிட்டு இருக்கானுங்க. நான் அம்மாவைப் பிடிப்பேன். அப்புறம் உனக்கு மாடி வீடே கட்டித் தரேன்."

"எனக்கு மாடி வேணாம், இருக்குறது நின்னாப் போதும். இந்தச் சுவத்துல ஒவ்வொரு கல்லும் நான் பொரிச்ச உருண்டை. அடிமடியிலேயே கை வைக்கிறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

ஒரு மாதம் சண்டை நடந்தது. அவன் சாப்பிடாமல் கிடந்தான், பேசாமல் கிடந்தான். பேசாத லுவாம்பாவைப் பார்க்கத் தெருவுக்கே பயமாக இருந்தது. கடைசியில் அவள் ஒத்துக்கொண்டாள். பின் அறைத் தரையில் மட்டும், சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி. சுவரைத் தொட்டால் மறுநாளே உம்பா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லிச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

கூலிக்கு இரண்டு குழிக்காரர்களை வைத்துக்கொண்டு லுவாம்பா இறங்கினான். முதல் நாள் மண் மேலே வந்தபோது எங்கே கொட்டுவது என்ற பேச்சு வந்தது. கொல்லைப்புறம் வந்து நாலு பக்கமும் பார்த்தான். நேராக அந்த வழுக்கை நிலத்தைக் காட்டி, "அங்க கொட்டுங்கடா" என்றான்.

மசெங்கோ குறுக்கே வந்து நின்றாள். "அங்க வேணாம். வேலியோரமாக் கொட்டுங்க."

"வேலியோரம் உன் சர்க்கரைவள்ளி இருக்கே. இது புல்லுகூட முளைக்காத எடம். இங்க கொட்டாம வேற எங்க கொட்டுறது?"

"வேணாம்னா வேணாம்."

"ஏன், அங்க என்ன புதையலா இருக்கு?"

வேலிக்கு அந்தப் பக்கம் கபிங்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், காதைத் தீட்டிக்கொண்டு. ஆற்றங்கரை, ஆற்றங்கரை என்று அவளிடம் மசெங்கோ எத்தனை வருடம் அளந்திருக்கிறாள்! "எப்படியோ போங்க" என்று உள்ளே போய்விட்டாள். முதல் கூடை மண் ஓட்டைத் தகரத்தின் மேல் டமாரென்று விழுந்தது அடுப்பங்கரை வரை கேட்டது.

அந்த வருடம் மழைக்கு முன்னால் மசெங்கோ பட்டை பூசவில்லை.

குழி இறங்கியது. முதலில் மஞ்சள் களிமண், பிறகு பச்சை படர்ந்த கல். பச்சை வந்த அன்று லுவாம்பா மேலே ஏறி வந்து ஆடினான். "பிள்ளைங்க வந்துடுச்சு, அம்மா பக்கத்துலதான்!" அது செம்பு. இரண்டு மூட்டை விற்றதில் குழிக்காரர்களின் கூலியும் கயிறும் கிடைத்தன. மறுபடி இறங்கினான். பிறகு சாம்பல் நிறப் பாறை, அதன் பிறகு தண்ணீர். ஒரு வியாபாரியிடம் கடனுக்குப் பம்பு வாங்கி வந்தான். பம்பின் புகை வீடெல்லாம் நிறைந்து மசெங்கோவின் துணிமணியில் ஏறியது, களியில் ஏறியது. கொல்லைக் குவியல் வளர்ந்து வேலி உயரத்தைத் தாண்டிவிட்டது.

ஒருநாள் மசெங்கோ கையில் விளக்கோடு பின் அறைச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தரையிலிருந்து ஜன்னல் வரை, தலைமயிர் கனத்தில் ஒரு விரிசல் ஓடியது. குழிக்குள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய்! சுவரு விட்டுக்கிச்சு! மேல வாங்க!"

"அது பழைய விரிசல்!" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"நான் கட்டின சுவத்துல எது பழசு எது புதுசுன்னு எனக்குத் தெரியாதா? சத்தியம் பண்ணீங்களே!"

"சுவத்தை நான் தொடவே இல்லடி! கீழதான இருக்கேன்!"

பொய் சொல்லவில்லை, பாவி. சுவரை அவன் தொடவில்லைதான். சுவர் எதன்மேல் நின்றதோ அதைத்தான் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தான். உம்பா வீட்டுக்குப் போகிறேன் என்று மசெங்கோ மூட்டை கட்டினாள். கட்டியவள் மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். தான் போய்விட்டால் படுக்கை அறையையும் தோண்டிவிடுவான் என்று தெரியும். காவல் இருப்பது போல அந்த வீட்டிலேயே இருந்தாள். விரிசலைக் களிமண் வைத்துப் பூசுவாள், மறுவாரம் அது வேறு இடத்தில் வாயைப் பிளக்கும்.

மழைக்காலத்தின் நடுவில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழிக்காரர்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது வீடு விழுந்தது. மசெங்கோ முற்றத்தில் களிச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். முதலில் பின் அறைச் சுவர் குனிந்து குழிக்குள் போனது. கூரை அதைத் தொடர்ந்தது. நடு அறை, முன் அறை என்று ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கடைசியில் வாசல் நிலை மட்டும் நின்றது. லுவாம்பா லுத்துக்குக் கடையில் இருந்ததால் பிழைத்தான். ஓடி வந்தவன் அவளை விட்டுவிட்டு முதலில் குழியைத்தான் பார்த்தான். அதைத் தெருவே பார்த்தது. மசெங்கோவும் பார்த்தாள்.

அவள் அழவில்லை. சட்டியைக் கீழே வைத்தாள். இடிபாட்டில் நடந்து போய், பழைய பட்டையின் ஒரு துண்டு மல்லாந்து கிடந்ததைப் பார்த்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கபிங்கா வந்து தோளைப் பிடித்தபோது, "இதுக்குத்தான்டி இத்தனை வருஷம் எண்ணெய்ச் சட்டி முன்னால நின்னேன்" என்றாள்.

மூன்றாம் நாள் டிப்போவிலிருந்து பன்சா வந்தான். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருப்பான். அதை மண்ணில் வைத்து அழுத்தினால் எந்த உலோகம் எத்தனை பெர்சென்ட் என்று எண் காட்டும். வாலிபன், லிகாசியில் பாறைப் படிப்பைப் பாதியில் விட்டவன். லுவாம்பா குழியின் அடியிலிருந்து எடுத்த கடைசி மூட்டை வெளியே இருந்தது. அதுதான் அம்மா என்று அவன் பேட்டை முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். தெருவே வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டது.

பன்சா கருவியை மூட்டையில் வைத்தான். "கோபால்ட்டு புள்ளி நாலு."

"இன்னொரு தடவை வைப்பா. ஈரமா இருக்கு, அதான்."

"புள்ளி மூணு. எத்தனை தடவை வெச்சாலும் இதான் பெரியப்பா. இதுக்கு லாரி வாடகைகூடக் கட்டாது."

"அப்ப இன்னும் கீழ போகணும். மழை எல்லாத்தையும் கீழதான இழுக்கும்?"

"எல்லாத்தையும் இல்ல, செம்பை மட்டும். செம்பு தண்ணியில கரைஞ்சு கீழ ஓடிப்போயிடும். கோபால்ட்டு சோம்பேறி. மழையும் காத்தும் பட்டதும் கறுத்துப்போயி மேலேயே குந்திக்கும், பாலுக்கு மேல ஏடு நிக்கிற மாதிரி. கீழ போகப் போக இருக்கவே இருக்காது. அதுவும் பரவலா இருக்காது, அங்கங்க பை பையாக் கெடக்கும். உங்களுக்குக் கெடைக்கல, விடுங்க."

லுவாம்பாவின் முகம் செத்துப்போயிற்று. அத்தனை நாள் ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன். பெஞ்சில் உட்கார்ந்து கேட்டவர்கள் அத்தனை பேரும் இப்போது சுற்றி நின்றார்கள். பன்சா கிளம்பத் திரும்பினான். காலில் கறுப்பாக ஒன்று இடறியது. சுவர்த் துண்டு. என்ன தோன்றியதோ, குனிந்து அதன்மேல் கருவியை வைத்து அழுத்தினான்.

கருவி காட்டிய எண்ணைப் பார்த்தான். சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான்.

"ஏழு."

"என்ன ஏழு?"

"கோபால்ட்டு ஏழு பெர்சென்ட். இந்தச் சுவத்துப் பூச்சுல. நான் பாத்த மூட்டையிலகூட இவ்வளவு வந்ததில்ல. இதை யாரு பூசுனது?"

தெரு மொத்தமும் மசெங்கோ பக்கம் திரும்பியது. லுவாம்பா மெதுவாக வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "நான் மாங்கனீசுன்னுல்ல நெனச்சேன். கையில ஒட்டுற கறுப்பு குப்பை, கல்லா இருந்தாத்தான் சரக்குன்னு எங்க சுரங்கத்துல சொல்லுவாங்க" என்று முணுமுணுத்தான். பிறகு, "உம்பா அம்மா, மண்ணு எங்க எடுத்த?" என்றான்.

வீடு போச்சே என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வந்திருந்தால், அந்த ஒரு வார்த்தைக்காக அவள் சொல்லியிருப்பாள். அவன் கண் பளபளத்தது. பச்சைக் கல் வந்த அன்று ஆடியபோது இருந்த அதே பளபளப்பு.

"முசோனோய் ஆத்தங்கரையில" என்றாள்.

கபிங்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். மற்றவர்கள் யாரும் நின்று பார்க்கவில்லை. மண்வெட்டி எடுக்க ஓடினார்கள். அந்த மழைக்காலம் முடிகிற வரை ஆற்றங்கரையைக் குடைந்தார்கள். வெறும் வண்டலைத் தோண்டி, டிப்போ வரை சுமந்து போய், பூஜ்யம் வாங்கி வந்தார்கள். லுவாம்பாதான் எல்லாருக்கும் முன்னால்.

அதற்கு முன்னால் இன்னொரு வேலையையும் முடித்தார்கள். இடிந்த வீட்டின் பட்டையைச் சுரண்டி மூட்டை கட்டினார்கள். லுவாம்பா உளியால் கொத்தினான், பூச்சோடு செங்கல்லும் பெயர்ந்து வந்தது. மசெங்கோ தேய்த்துத் தேய்த்து மினுக்கிய சுவர் நாலு மூட்டையில் லாரி ஏறியது. அந்தக் காசு பம்பு கொடுத்த வியாபாரிக்கே போய்ச் சேர்ந்தது.

மசெங்கோ மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். பழைய தகரத்தை வைத்து முன்பக்கம் ஒரு கொட்டகை போட்டாள், சுரங்க வாசலில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றினாள். தினமும் வியாபாரம் முடிந்து வந்து, உடையாத செங்கல்லைப் பொறுக்கி ஒரு பக்கமாக அடுக்குவாள். கொல்லைக் குவியலின்மேல் லுவாம்பா உட்கார்ந்திருப்பான்.

"ஆத்தங்கரையில எந்த எடம்? பாலத்துக்கு மேலயா, கீழயா?"

"மறந்துபோச்சு."

"வருஷா வருஷம் எடுத்தவளுக்கு மறக்குமா?"

"வருஷா வருஷம் சோறு போட்டவளையே மறந்துட்டு நீங்க குழியைப் பாத்தீங்களே, அது மட்டும் எப்படி?"

கபிங்கா மட்டும் ஒருமுறை தனியாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, ஆத்தங்கரை பொய்னு எனக்கு அப்பவே தெரியும். நீ கூடையோட ஆத்துப் பக்கம் போயி நான் பாத்ததே இல்ல. எங்கிட்டயாச்சும் சொல்லு."

"சொன்னா என்னடி செய்வ?"

"தோண்டுவேன். வேறென்ன?"

"எங்க இருந்தாலுமா? என் வீட்டுக்கு அடியில இருந்தாலுமா?"

கபிங்கா தன் வீட்டுப் பக்கம் திரும்பினாள். அவள் வீட்டுக்கு உள்ளேயும் அப்போது ஒரு குழி இருந்தது. மசெங்கோ செங்கல்லை அடுக்க எழுந்து போய்விட்டாள். சொன்னால் குவியலை வாரிவிட்டு மொத்த மனையையும் குடைவார்கள், மறுபடி சுவர் எழுப்ப ஒரு முழ நிலம் மிஞ்சாது. அந்தப் பாழாய்ப்போன குப்பைக் குவியல்தான் இப்போது அவள் மனைக்குக் காவல். இடுப்பு உயரம் வரை ஒரு சுவர் எழுப்பியும் விட்டாள்.

அப்போதுதான் பேட்டையைச் சுற்றிக் கம்பி வேலி போடுகிறவர்கள் வந்தார்கள். பேட்டை முழுவதையும் ஒரு கம்பெனி எடுத்துக்கொள்கிறதாம், எல்லாரும் ஊருக்கு வெளியே புது இடத்துக்குப் போக வேண்டுமாம். துளை போடும் இயந்திரத்தைத் தெருத் தெருவாக நிறுத்தி, நீள நீளமாகப் பாறையை உருவி, பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் வீட்டை மதிப்புப் போட ஒருவன் வந்தான். நிற்கிற வீட்டுக்கு ஒரு விலை, கொட்டகைக்கு ஒரு விலை.

"இது வீடுங்க. மூணு அறை இருந்துச்சு" என்றாள் மசெங்கோ.

"இருந்ததுக்கு எதுவும் கிடையாதும்மா. இப்ப நிக்கிறது கொட்டகைதான?"

"சுவரு எழுப்பிக்கிட்டு இருக்கேன், பாருங்க."

"கூரை இல்லாத சுவரு கணக்குல வராது."

கபிங்காவின் வீடு, உள்ளே குழியோடும், வீடாகவே கணக்கில் ஏறியது. அம்மா சட்டி பானையோடு தெருவில் உட்கார்ந்த நாளுக்குப் பிறகு எத்தனை உருண்டை பொரித்திருப்பாள் மசெங்கோ! சுற்றிச் சுற்றி அதே தெருவுக்குத்தான் வந்து நின்றாள். அநியாயம் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்தோம்? அவரவர் மூட்டையை அவரவர் கட்டினோம்.

புறப்படும் நாள் சாமான் ஏற்றிய லாரி தெருமுனையில் நின்றது. வேலிக்குள் பெரிய மண்வாரி இயந்திரம் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டது. கபிங்கா வீட்டைத் தள்ளியது, மசெங்கோவின் இடுப்பளவுச் சுவரை ஒரே தட்டில் சாய்த்தது. அப்படியே கொல்லைக்குப் போனது. லுவாம்பா மாதக்கணக்கில் கூடை கூடையாக ஏற்றிக் கொட்டிய குவியலை நாலு முறை வாரி ஓரமாக ஒதுக்கியது. ஐந்தாவது முறை வாரியதில் ஒரு ஓட்டைத் தகரம் வந்தது. அதற்கு அடியில், ஈரத்தில் பளபளவென்று, கறுப்பு. கையில் ஒட்டுகிற கறுப்பு. வார வார வந்துகொண்டே இருந்தது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவன் இறங்கி வந்து கருவியை வைத்துப் பார்த்தான். மற்றவனைக் கைதட்டிக் கூப்பிட்டான்.

கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு லுவாம்பா நின்றான். தகரத்தைப் பார்த்தான், கறுப்பைப் பார்த்தான், பக்கத்தில் நின்ற மசெங்கோவின் நகங்களைப் பார்த்தான்.

"இங்கதானா?"

"இங்கதான்."

"நான் கொட்டின மண்ணுக்கு அடியிலயா?"

"அங்க கொட்டாதீங்கன்னு சொன்னேன். புதையலா இருக்குன்னு கேட்டீங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா மசெங்கோ? இப்ப எவனோ அள்ளிக்கிட்டுப் போறானே! நமக்கு இல்லாமப் போச்சே!"

"எனக்கு எப்பவுமே இல்லாமத்தான் போயிருக்கும்" என்றாள் அவள். "சொல்லியிருந்தா நீங்க தோண்டியிருப்பீங்க, சொல்லாததுனால அவங்க தோண்டுறாங்க. எப்படிப் பாத்தாலும் எனக்கு வீடு இல்ல. உங்க கை அதுல படாமப் போச்சு பாருங்க, எனக்கு மிஞ்சுனது அது ஒண்ணுதான்."

லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். மசெங்கோ போய்ச் சாமான்களுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்து, எண்ணெய்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். லுவாம்பா வேலியை விட்டு நகரவில்லை. கூப்பிடச் சொல்லி லாரிக்காரன் கேட்டான்.

"நீங்க எடுங்க. அவரு வர மாட்டாரு" என்றாள்.